நாப்பத்தேழாம் நம்பர் மீசை

– அஞ்சு மணிக்கு எழுந்தேன். அடுப்புல தண்ணி வச்சேன். பூனைக்குப் பால் ஊத்தினேன். ரெண்டு முட்டை வேக வச்சேன். ஒண்ணு சாப்பிட்டேன். முகம் கழுவினேன். சட்டை போட்டேன். ட்ராம் பிடிச்சேன். வந்துட்டேன்.

– அண்ணே, நான் கேட்டது அது இல்ல.

– காலையில என்ன பண்ணினேன்னு கேட்டே.

– என்ன பண்ணித் தொலைச்சீங்கன்னு கேட்டேன். உங்க மூக்குக்குக் கீழ ஒரு மீசை உட்கார்ந்திருக்கே, அதைப் பார்த்துக் கேட்டேன்.

– முகம் கழுவினேன்னு சொன்னேனே. மூக்குக்குக் கீழ மட்டும் கழுவல.

– எத்தனை நாளா கழுவல?

– பதினொரு நாளா.

– லெமுவல் அண்ணே! இது என் மீசை! நாப்பத்தேழாம் நம்பர் டாக்டர் மீசை! ஒவ்வொரு முடியா நான் உட்கார்ந்து முடிச்சுப் போட்டது. பதினொரு நாளா மேக்கப் டிபார்ட்மென்ட்டே அதைத் தேடுது. எலி தூக்கிட்டுப் போச்சுன்னு பொறி வச்சிருக்கேன் நான்.

– மாட்டுச்சா?

– ரெண்டு எலி மாட்டுச்சு. ரெண்டுக்கும் இருந்தது சொந்த மீசைதான்.

– சொந்த மீசைன்னு நானும் சொல்லலாம்னு இருந்தேன். ட்ராம்ல ஒத்திகை பார்த்துக்கிட்டே வந்தேன்.

– எங்க, சொல்லுங்க பார்ப்போம்.

– அராம், இது என் சொந்த மீசை.

– எங்க அத்தை சத்தியமா, முப்பத்தோரு வருஷம் நடிச்ச மனுஷன் இவ்வளவு மட்டமா பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. தலை வெள்ளை வெளேர்னு இருக்கு, மீசை மட்டும் செம்பட்டை. ஓரத்துல வலைத்துணி வேற எட்டிப் பார்க்குது. உட்காருங்க நாற்காலியில. பசையைக் கரைக்கற ஸ்பிரிட் பாட்டிலை எடுக்கறேன். ஒரு நிமிஷ வேலை.

– வேணாம்.

– எரியாதுண்ணே.

– எரிச்சலுக்குச் சொல்லல. வேணாம்.

– இன்னிக்கு நீங்க டாக்டர் இல்ல. பட்லர்.

– தெரியும்.

– பட்லருக்கு மீசை கிடையாது. மீசை வச்ச பட்லர் நீட்டற சூப்பை எந்தப் பிரபு குடிப்பான்?

– உதட்டை உள்ள மடிச்சுக்கிட்டுப் பேசறேன்.

– ஒம்பது வசனத்தையுமா?

– ஒம்பதுன்னு சத்தமா சொல்லாதே. ராத்திரி பூரா அதைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்.

– எண்ணாம பின்னே! இதுவரைக்கும் எத்தனை படம் பண்ணியிருக்கீங்க?

– இருநூத்துப் பதினாலு.

– அத்தனையிலயும் சேர்த்து எத்தனை வசனம்?

– முன்னூத்தி ரெண்டு. வீட்டுல கோரா எண்ணி வச்சிருந்தா. அதுல எண்பது ‘வண்டி தயார், மேடம்.’

– பாருங்க! இப்ப ஒரே படத்துல ஒம்பது. அதுவும் கொலைகாரனே நீங்கதான். கடைசி ரீல்ல கேமரா உங்க மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்கப் போகுது. திரை பூரா நீங்க. உங்க மூக்கு மட்டும் ஒரு லாரி அளவுக்குத் தெரியும்!

– அதான் சொல்றேன். அவ்வளவு பெரிய மூக்கு இருக்கறப்ப மீசையை யாரு பார்க்கப் போறா?

– அராம்! டெல்பர்ட் பேசறேன்! கதவைத் திற! பட்லர் ரெடியா? எட்டரைக்கு டைரக்டர் செட்டுக்கு வந்துடுவார்!

– அசிஸ்டன்ட் டைரக்டர் அய்யா, கதவைத் திறந்தா பவுடர் பறக்கும்! இன்னும் இருபது நிமிஷம்!

– பதினஞ்சு! ஒரு நிமிஷம் கூட தாண்டக் கூடாது!

– போயிட்டான். அண்ணே, இங்க பாருங்க. போன மாசம் ஒரு காட்சி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க விளக்கைத் தூக்கிக்கிட்டு நூலக அறைக் கதவைத் திறந்து உள்ள போறீங்க.

– போனேன்.

– இன்னிக்கு எடுக்கப் போறது கதவுக்கு அந்தப் பக்கம். உள்ள வர்றீங்க.

– வர்றேன்.

– கதவுக்கு இந்தப் பக்கம் மழமழன்னு நுழையற ஆளு, அந்தப் பக்கம் செம்பட்டை மீசையோட வெளிய வந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? நடுவுல இருக்கறது கதவா, உரக் கிடங்கா?

– கதவு கொஞ்சம் கனமான கதவு. திறக்க நேரமாச்சுன்னு வச்சுக்கலாம்.

– சிரிக்காம சொல்றீங்களே, அதான் எனக்குப் பயமா இருக்கு. வெளியில யாரு உட்கார்ந்திருக்கான்னு பார்த்தீங்களா?

– ரூஃபஸ். வணக்கம் சொன்னான்.

– என்ன போட்டிருக்கான்?

– பட்லர் கோட்டு.

– ஏன் போட்டிருக்கான்?

– அவனுக்குப் பொருத்தமா இருக்கு.

– யாரும் கூப்பிடலண்ணே அவனை! ஆடு எங்க சாகும்னு பருந்துக்குத் தெரியும். எட்டரைக்கு நீங்க மீசை இல்லாம செட்ல நிக்கலேன்னா அவனை உள்ள விட்டு முதல் காட்சியிலேர்ந்து திரும்ப எடுப்பாங்க. இந்த மாசக் கடைசியில உங்க ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்கறதா வேணாமான்னு மேலிடம் முடிவு பண்றது இந்த ஒம்பது வசனத்தைப் பார்த்துட்டுத்தான்.

– ரூஃபஸ் நல்ல பட்லர்.

– சூப்புல கட்டைவிரலை விடறவன்!

– சூடு பார்த்துக் கொடுக்கறான்.

– உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியாது. சரி, ஏன்னு மட்டும் சொல்லுங்க. ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?

– அது என்ன வாசனை?

– எது?

– உன் மேசை மேல. அந்த டப்பா.

– என் மத்தியானச் சாப்பாடு. திராட்சை இலையில அரிசி சுருட்டி ஆலிவ் எண்ணெய்ல ஊற வச்சது. ஃப்ரெஸ்னோ ஊர்லேர்ந்து எங்க அத்தை அனுப்பின இலை. பேச்சை மாத்தாதீங்க.

– மாத்தல. எங்க வீட்டுச் சமையலறை மாதிரி வாசனை. சாயங்கால வாசனை.

– கோரா அண்ணி இந்த மாதிரி சமைப்பாங்களா?

– இல்ல. அவளுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும்தான் தெரியும். ஆனா இந்த வாசனை வரும். எங்கேர்ந்துன்னு தெரியாது.

– அண்ணே. அண்ணியோட அடக்கத்தன்னிக்கு நான் சர்ச்சுல பின்வரிசையில இருந்தேன். அப்பவும் இந்த மீசை இருந்துச்சா?

– இருந்துச்சு. கைக்குட்டையை வச்சு மூடிக்கிட்டேன்.

– அழுதுக்கிட்டிருக்கீங்கன்னுல்ல நினைச்சோம்!

– மீசையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். உப்புத்தண்ணி பட்டா பசை விட்டுடும்னு நீதான் சொல்லியிருக்கே.

– அதனால அழலையா?

– அதனாலதான்.

– நல்லா இருக்கு! ஒரு ஊர்ல ஒருத்தன் மீசைக்காக அழாம இருந்தானாம்.

– வீட்டுல மீசை எடுக்கறது எப்பவும் கோராதான். சாயங்காலம் போனதும் சமையலறை நாற்காலியில உட்கார வைப்பா. கண்ணை மூடிக்குவேன். கால் மணி நேரம். ஒரு வலியும் தெரியாது. நான் எடுத்தா பிச்சு இழுத்துடுவேன். இருபத்தாறாம் வருஷம் ஒரு கர்னல் மீசையை நானே எடுத்தேன். பாதி உதடு அதோட வந்துடுச்சு.

– எதைப் போட்டு எடுப்பாங்க? என்கிட்ட ஸ்பிரிட் வாங்கினதே இல்லையே.

– தெரியல. கண்ணை மூடிக்கிட்டிருப்பேன்னு சொன்னேனே. எடுத்து முடிச்சதும் ‘கர்னல், போய்க் குப்பையைக் கொட்டிட்டு வாங்க’ம்பா.

– கர்னலா?

– அது அவ வழக்கம். அன்னிக்கு என்ன வேஷமோ அதைச் சொல்லித்தான் கூப்பிடுவா. நீதிபதி வேஷம் போட்ட அன்னிக்கு, ‘கனம் கோர்ட்டார் அவர்களே, பால் பொங்குது.’ தூக்குல போடறவனா நடிச்ச வாரம், ‘அய்யா, துணியெல்லாம் நனைஞ்சிருக்கு, உங்க கயித்தைக் கொஞ்சம் கட்டித் தர்றீங்களா?’ பிணமா நடிச்ச அன்னிக்கு, ‘பிணமே, சாப்பிட வா, ஆறிடும்.’

– பட்லர் வேஷம் போட்டா?

– மணி அடிச்சுக் கூப்பிடுவா. அதுக்குன்னு ஒரு மணி வாங்கி வச்சிருந்தா.

– உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையா?

– ஞாயித்துக்கிழமை மட்டும் லெம். அன்னிக்கு ஷூட்டிங் கிடையாது.

– படமெல்லாம் பார்ப்பாங்களா?

– ஒண்ணு விடாம. கையில கடிகாரத்தோட உட்காருவா. பதினோராவது நிமிஷம் நான் வருவேன், பன்னெண்டாவது நிமிஷம் போயிடுவேன். ஒரு தடவை கையுறை கீழ விழுந்துச்சுன்னு குனிஞ்சா. நிமிர்ந்தா நான் போயாச்சு. மறுபடி டிக்கெட் வாங்கி உட்கார்ந்தா.

– அண்ணே, அந்த ஆஸ்பத்திரி விஷயம் என்னன்னு யார்கிட்டயும் நீங்க சொல்லல. ஷூட்டிங் நடுவுல இங்கேர்ந்து ஓடினீங்கன்னு மட்டும் எனக்குத் தெரியும். அன்னிக்கு என்ன நடந்துச்சு?

– டாக்டர் காட்சி எடுத்துக்கிட்டிருந்தோம். போன் வந்துச்சு, உடனே வான்னு. வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், கைப்பெட்டி, மீசை, எல்லாத்தோடயும் ஓடினேன். வாசல்ல போர்டு. பார்வையாளர் நேரம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும். மணி அஞ்சரை.

– விடலையா?

– வாயைத் திறக்கறதுக்குள்ள நர்ஸம்மா என் கையைப் பிடிச்சு இழுத்தா. ‘வாங்க டாக்டர், எவ்வளவு நேரமா தேடறது.’ அப்புறம், ‘உங்களை எங்கயோ பார்த்திருக்கேன்’னா.

– எங்க பார்த்தாளாம்?

– சனிக்கிழமை மேட்டினியில பார்த்திருப்பா. நேரா பன்னெண்டாம் நம்பர் ரூம்ல கொண்டு போய் விட்டா. அங்க ஒரு குழாய் ரிப்பேர்காரன். காலைக் கட்டி மேல தொங்க விட்டிருந்தாங்க. ‘எப்படி இருக்கு டாக்டர்?’னான்.

– நீங்க என்ன சொன்னீங்க?

– ‘வெந்நீர் கொண்டு வாங்க. நிறைய வெந்நீர்.’

– அடக் கடவுளே!

– வேற என்ன தெரியும் எனக்கு? முப்பத்தாறு படத்துல டாக்டர். முப்பத்தாறுலயும் இதே வசனம்தான்.

– வெந்நீர் வந்துச்சா?

– ரெண்டு வாளி வந்துச்சு. நர்ஸம்மாவும் நானும் வாளியைப் பார்த்துக்கிட்டே நின்னோம். குழாய்க்காரன்தான் கேட்டான், ‘காப்பி போட்டுக்கலாமா டாக்டர்?’னு. அனுமதி கொடுத்தேன்.

– சிரிப்பு வருதுண்ணே, மன்னிச்சுக்குங்க.

– சிரி. கோராவா இருந்தா தரையில உருண்டிருப்பா. அந்த ஆவியில என் கண்ணாடி மங்கிடுச்சு. வெளிய நடைக்கு வந்தேன். அங்க ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்துச்சு, ஏழெட்டுப் பேர். நான் கண்ணாடியைக் கழட்டினேன்.

– ஐயையோ. வேணாம். சொல்லாதீங்க.

– துடைக்கத்தான் கழட்டினேன். ரூமுக்குள்ளேர்ந்து வர்ற டாக்டர் ஒரு வார்த்தையும் பேசாம கண்ணாடியைக் கழட்டினா என்ன அர்த்தம்?

– ஆள் அவுட். டிக்கெட் வாங்கின எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

– அவங்களும் டிக்கெட் வாங்கறவங்கதான். எல்லாரும் ஒரே நேரத்துல ஓன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு அம்மா என் காலைக் கட்டிக்கிட்டு ‘கடைசியில கஷ்டப்பட்டாரா?’ன்னு கேட்டா. உள்ள அவங்க சித்தப்பாவுக்கு டான்சில் எடுத்திருந்தாங்க, அவ்வளவுதான். சத்தம் கேட்டு அவரே எழுந்து வந்து நின்னார். பேச முடியல. ஒரு சிலேட்டுல எழுதிக் காட்டினார், ‘யாரு செத்தது?’ன்னு.

– போதும்! வயிறு வலிக்குது!

– அராம்! என்ன சிரிப்பு உள்ள? எட்டு இருபது ஆச்சு! ரூஃபஸைக் கூப்பிடட்டுமா?

– டெல்பர்ட், நாங்க கொலைக்கு ஒத்திகை பார்க்கறோம்! அஞ்சே நிமிஷம்! ரூஃபஸை அவன் விரலைக் கழுவச் சொல்லுங்க! ம், நீங்க சொல்லுங்கண்ணே. கோரா அண்ணி ரூமுக்கு எப்பப் போனீங்க?

– ஆறு மணிக்கு. நர்ஸம்மாவும் கூடவே வந்து நின்னா. புருஷன்னு சொன்னா வெளிய அனுப்பிடுவா. அதனால டாக்டராவே நின்னேன். நாடி பிடிச்சேன்.

– நாடி பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?

– தெரியாது. ஆனா டாக்டர் கையைப் பிடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விடவே இல்ல.

– ம்.

– கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்தா. ‘டாக்டர், என் புருஷன் இன்னும் வரலியா?’ன்னா.

– அய்யோ.

– அவளோட கண்ணாடி மேசை மேல இருந்துச்சு. மருந்து மயக்கம் வேற. ‘வந்துக்கிட்டிருக்கார், மேடம்’னேன். ‘அவர் எப்பவும் பதினோராவது நிமிஷத்துலதான் வருவார்’னா. நர்ஸம்மா சிரிச்சா. நான் சிரிக்கல. அப்புறம் இன்னொரு வார்த்தை சொன்னா. தூங்கிட்டா. நர்ஸம்மா என்னை வெளிய கூட்டிக்கிட்டு வந்துட்டா.

– அப்புறம்?

– நிஜ டாக்டர் ஏழரைக்கு வெளிய வந்தார். அவர் கண்ணாடியைக் கழட்டல அராம். போட்டுக்கிட்டேதான் சொன்னார். அதனால எனக்குப் புரிய ரொம்ப நேரமாச்சு.

– அண்ணே...

– நீ ஏன்னு கேட்டே. லெமுவல் ஹாப்ஸ் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்ல. அவ கேட்டா, அவன் வரல. வந்தது யாரோ ஒரு மீசைக்கார டாக்டர். அவளைக் கடைசியா பார்த்தது இந்த மூஞ்சிதான். இதையும் நீ ஸ்பிரிட் போட்டு எடுத்துட்டா, அந்த ரூம்ல அவ கூட யாருமே இல்லேன்னு ஆயிடும்.

– பேப்பர்ல வேற மாதிரி போட்டிருந்தாங்களே. கடைசியா உங்க பேரைச் சொன்னாங்கன்னு.

– அது ஸ்டூடியோ விளம்பர ஆபீஸ் எழுதினது. ‘லெமுவல், வெள்ளித்திரை உன்னை அழைக்கிறது, போ!’ கோரா அப்படிப் பேச ஆரம்பிச்சிருந்தா பாதியிலயே சிரிச்சுப் பல்செட்டு கழண்டு விழுந்திருக்கும்.

– அப்போ நிஜமா என்ன சொன்னாங்க? அந்தக் கடைசி வார்த்தை?

– அது எனக்குச் சொன்னது இல்ல. டாக்டருக்குச் சொன்னது.

– பரவாயில்ல, என்ன?

– நோயாளி டாக்டர்கிட்டப் பேசற பேச்சு. அன்னிக்குக் காதுல விழுந்துச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் அதை எடுத்துப் பார்க்கல.

– முன்னூத்தி ரெண்டு வசனத்தையும் மறக்காத ஆளு நீங்க. இதையும் வசனம்னு நினைச்சுக்குங்க. உணர்ச்சியெல்லாம் வேணாம். ஒத்திகையில சொல்ற மாதிரி ஒரு தடவை.

– சத்தமா சொல்லணுமா?

– முதல்ல மனசுக்குள்ள சொல்லிப் பாருங்க. அவசரமே இல்ல. அதாவது, மூணு நிமிஷம் இருக்கு.

– ‘டாக்டர்’னுதான் ஆரம்பிச்சா.

– அண்ணே?

– இரு.

– என்னாச்சு? மூஞ்சி ஏன் ஒரு மாதிரி போகுது? அண்ணே, பசை! அழாதீங்க, பசை!

– பசை போகட்டும். விடு.

– லெமுவல் அண்ணே! சிரிக்கறீங்களா அழறீங்களா? ஒண்ணை முடிவு பண்ணுங்க, அதுக்கேத்த மாதிரி பவுடர் போடணும்!

– அராம், அந்தச் சாப்பாட்டு டப்பாவைத் திற.

– இப்பவா பசிக்குது?

– அந்த எண்ணெயைக் கொஞ்சம் பஞ்சுல தொட்டுக்க. கண்ணை மூடிக்கறேன். இடது பக்கத்துலேர்ந்து ஆரம்பி.

– ஸ்பிரிட் பாட்டில் கையில இருக்கு, எண்ணெய் எதுக்கு? அதுவும் இடது பக்கத்துலேர்ந்துன்னு யாரு சொன்னா?

– கோரா. ‘டாக்டர், மீசை இடது பக்கம் பிரிஞ்சு தொங்குது. வீட்டுக்குப் போனதும் ஆலிவ் எண்ணெய் தொட்டு மெதுவா எடுங்க, வழக்கம்போலப் பிச்சு இழுத்துடாதீங்க.’